ஆறாயிரம் ரூபாய்த் தேனிலவு

எங்கள் ஹனிமூனுக்கு அரசாங்கம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது. பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அம்பத்தூரில் ஒரு ரேஷன் கடை வாசலில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று, டோக்கனைக் கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்துக்கு வெள்ள நிவாரணம் என்று பெயர்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "மெத்தையும் அடுப்பும் வாங்கக் குடுத்த காசுல ஊர் சுத்துனீங்களாடி?" என்று என் அம்மாவே கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் என்னால் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

நான் செஞ்சி பக்கத்துக் கிராமம். 2023 நவம்பர் 23, கார்த்திகை முகூர்த்தத்தில் கல்யாணம். "மாப்பிள்ளை சென்னை" என்றுதான் ஊரெல்லாம் சொன்னார்கள். நானும் சென்னை என்றால் கடல், பெரிய பெரிய கடைகள், சினிமாவில் வருகிற சென்ட்ரல் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து இறங்கியது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், பட்டரைவாக்கம் பக்கம், ஐந்து போர்ஷன் உள்ள ஒரு காம்பவுண்டில். ஒரு ரூம், ஒரு ஹால், சமையல் மேடை. வெளியே வந்தால் லேத் பட்டறைச் சத்தம்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. 2018-ல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் காம்பவுண்டில் யாராவது தி.நகருக்கோ பாரிமுனைக்கோ கிளம்பினால், "மெட்ராஸ் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். "அப்போ நாம இருக்கறது?" என்று அவரிடம் கேட்டேன். "இது அம்பத்தூர்" என்றார், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல.

1964-ல் தொடங்கிய எஸ்டேட் இது. அவர் அங்கே ஒரு சின்ன யூனிட்டில் சி.என்.சி. ஆபரேட்டர். அத்தை, அதாவது மாமியார், அதே எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங். மாமா இறந்து ஒன்பது வருடமாகிறது.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்கயாவது போலாமா?" என்று கேட்டார். ஊட்டி, கொடைக்கானல் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் டெல்லி என்றேன். ஏன் என்று கேட்டதற்கு வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "பேசும்போது வாய்லேர்ந்து புகை வரும்ல. அதப் பாக்கணும்."

எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழிப் பனிதான். மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள், கோயில் ஸ்பீக்கர், அவ்வளவு. எங்கள் வகையறாவில் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பயணம் உண்டென்றால் அது மறுவீடு, இல்லாவிட்டால் குலதெய்வம் கோயில். தேனிலவு என்பது படத்தில் நடப்பது. 1961-லேயே ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்துக்காக எல்லோரையும் காஷ்மீருக்குக் கூட்டிப்போய்விட்டார். எங்கள் குடும்பங்களிலிருந்து யாரும் இன்னும் கிளம்பவில்லை.

டிசம்பர் 11, இரவு பத்து மணி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பரில் இரண்டு டிக்கெட். அவர் போனில் ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். செங்கோட்டை திங்கள் லீவு, தாஜ்மஹால் வெள்ளி லீவு என்றெல்லாம் பார்த்துப் பார்த்து நாள் பிரித்திருந்தார். சாந்தினி சவுக்கில் எனக்குப் புடவை, கரோல்பாக்கில் அத்தைக்குச் சால்வை. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியப்பா, எல்.டி.சி.யில் டெல்லி போனபோது வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று மெரூன், ஒன்று சாம்பல். அந்துருண்டை வாசனை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு மெரூனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது.

*

டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகிப் பதினோராம் நாள். மிக்ஜாம் புயல்.

மழை கூரை வழியாக வரும், வாசல் வழியாக வரும் என்று எனக்குத் தெரியும். பாத்ரூம் குழி வழியாக வரும் என்று தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு அங்கிருந்துதான் முதலில் தண்ணீர் பொங்கியது. அத்தை பதறவே இல்லை. மிக்ஸி, கிரைண்டர், அரிசி டப்பா, சிலிண்டர் என்று ஒரு வரிசையில் மேலே ஏற்றிக்கொண்டே போனாள். 2015-ல் பழகிய வரிசை. ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் தூக்க முடியவில்லை. செங்கல் வைத்தோம். செங்கல்லுக்கும் மேலே வந்தது.

கரண்ட் போனதும் நாங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். ஐந்து போர்ஷன் ஆட்களும் அங்கேதான். கடைசிப் போர்ஷனில் பீகார்ப் பையன்கள் ஆறு பேர். விடிகாலையில் அவர் டார்ச் அடித்து எங்கள் ரூமைக் காட்டினார். கட்டிலுக்கு மேல் தண்ணீர். எங்கள் சீர் மெத்தை மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. அப்பா திண்டிவனத்தில் சொல்லிச் செய்த இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடுப்புக்குள் அதைத்தான் அடைத்தார்கள் என்று பின்னால் படித்தேன். அந்த மெத்தையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் டெல்லி ஸ்வெட்டர்கள், சொட்டு நனையாமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஸாரி" என்றார். புயலுக்கு அவர் ஏன் ஸாரி சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. சென்னையில் வீடு என்று சொல்லிப் பெண் கேட்டவர். அந்த வீட்டைத்தான் நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிய மூன்று நாள். வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. பட்டறைகளுக்குள் புகுந்து வந்த தண்ணீர். மெத்தை மிதந்ததே தவிரப் பிழைக்கவில்லை. வெயிலில்லாமல் பூசணம் பிடித்து நாறியது, கார்ப்பரேஷன் லாரியில் ஏற்றினோம். என் டிகிரி சர்டிபிகேட்டைத் துணி போட்டு இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். டெல்லி டிக்கெட்டை நான்தான் கேன்சல் செய்தேன். திரும்பி வந்த பணமும் அவர் சேர்த்து வைத்திருந்ததும் அடுப்புக்கும் மளிகைக்கும் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கும் போனது.

*

டிசம்பர் 17-ம் தேதி நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் டோக்கனுக்கு 18-ம் தேதி. அட்டை அத்தையின் பெயரில். நானும் கூடப் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து விளக்கு முன்னால் பணத்தை வைத்தாள். பிறகு எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் எங்கனா போய்ட்டு வாங்க."

"அத்தை, மெத்தை இல்ல. வாஷிங் மெஷின் இல்ல."

"2015-ல அஞ்சாயிரம் பேங்க்ல போட்டாங்க. இன்னா வாங்குனேன் தெரியுமா? மெத்த. அந்த மெத்ததான் ஹால்ல கெடந்துச்சே, இப்ப லாரில ஏத்துனமே, அது. இப்ப இன்னொண்ணு வாங்கு. அடுத்த மழைக்கு அதையும் தூக்கிக் குடு. டெல்லி டெல்லின்னு ராத்திரில ஸ்வெட்டரப் போட்டுப் பாத்துகினு இருந்தவதான நீ?"

எனக்கு முகம் எரிந்தது. பார்த்திருக்கிறாள்.

ஆறாயிரத்தில் டெல்லி போக முடியாது. லாட்ஜும் கட்டுப்படியாகாது. "மெட்ராஸ் போலாம்" என்றார் அவர். காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கே திரும்பிவிடுகிற ஹனிமூன். புதன், வியாழன், வெள்ளி. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

*

புதன்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வெள்ளத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலை மறுபடி மறுபடி காட்டினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் அந்தத் தண்ணீரின் நிறத்தைத் தெரிந்தவர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சில்க் காட்டன் கட்டியிருந்தேன். எதிர்ப் போர்ஷன் அக்கா அந்த வழியாக வந்தவள், என்னை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து ரூபாய் டிக்கெட். பட்டரைவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது இந்தப் பக்கமாகத்தான். இறங்குகிற இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். மார்க்கெட் எங்கே என்று கேட்டேன். 1985-ல் எரிந்துபோய்விட்டது, பெயர் மட்டும் ஸ்டேஷனுக்கு என்றார்.

எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம். 1851-ல் தொடங்கியது. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த அவரும் அன்றுதான் முதல் தடவை உள்ளே வருகிறார். நான் சிரிக்கவில்லை. செஞ்சிக் கோட்டைக்கு வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். நான் பள்ளிக்கூட டூரில் ஒரு தடவை ஏறியதோடு சரி. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க யாருக்கும் லீவு கிடைப்பதில்லை.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். அவர் அட்டையில் ஊர்ப் பெயரைப் படித்ததும் குதித்தார். "ஏய், திருவாலங்காடு நம்ம லைன்! அரக்கோணம் வண்டில போனா திருவள்ளூர் தாண்டி வரும்." சொந்தக்காரரைப் பார்த்துவிட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கொஞ்சம் தள்ளி திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வலப் பக்கம் ஆண், இடப் பக்கம் பெண், நடுவில் கோடு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. "ஒரே போர்ஷன்ல ரெண்டு பேர் குடியிருக்காங்க" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலர் திரும்பிப் பார்த்தார்.

அங்கிருந்து பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அவருக்கு மட்டும் எடுத்தோம். "ஹனிமூன்ல பாதிச் செலவு மிச்சம்" என்றேன்.

மெரினா கலங்கரை விளக்கம் 1977-ல் கட்டியது. லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுக்கு மேல் சில படிகள், அதற்கு மேல் காற்று. அவ்வளவு காற்று என் மேல் அடித்ததில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கடல். கடலை நான் அதற்கு முன் பார்த்தது ஒரே தடவை, மரக்காணத்தில், தரையில் நின்று. மேலிருந்து பார்த்தால் அது வேறு. படகுகள் எறும்பு மாதிரி. திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்தேன். வீடு வீடு வீடு, கடைசியில் மங்கல்.

"அம்பத்தூர் எங்க?"

மேற்கே கை நீட்டினார். "அங்க. தெரியாது." கையை இறக்காமலேயே சொன்னார்: "கம்பெனி தொறக்கல."

லீவு சொன்னது பொய். ஒரு வாரமாக டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு அவர் போனது மிஷினுக்குள் போன சேற்றைக் கழுவ. சம்பளம் இல்லை. மிஷின்கள் லோனில் வாங்கியவை. ஓனரே சேற்றில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஜனவரியில் திறந்தாலும் பாதிப் பேரைத்தான் எடுப்பார்களாம்.

அந்த உயரத்தில் நின்று நான் செய்த முதல் காரியம் மனசுக்குள் கணக்குப் போட்டது. இதுவரை இருநூற்றுச் சொச்சம். இரண்டாவது, கோபப்பட்டது. பொய் சொன்னதற்கு அல்ல. என்னைச் சிரிக்கவிட்டதற்கு. அர்த்தநாரீசுவரருக்கு முன்னால் சிரித்தபோது அவருக்கு இது தெரிந்திருந்ததே என்று.

"நாளைக்கு வேணாம். மிச்சப் பணத்த வெச்சுப்போம்."

"சரி."

மணலில் உட்கார்ந்து ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியை இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். பஜ்ஜி மட்டும் நன்றாக இருந்தது.

*

வீட்டுக்கு வந்தால் அத்தை தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னா பாத்தீங்க?" என்றாள். மியூசியம் என்றேன்.

"செத்த காலேஜா!" என்றாள். பழைய மெட்ராஸ் பேச்சில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ், விலங்குக் காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். உயிர் காலேஜ் அப்போது சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, 1985-ல்தான் வண்டலூருக்குப் போனது. "எங்கப்பா மூட்ட தூக்க வருவாரு. வந்துட்டுப் போய் கதகதயா சொல்வாரு. ஒரு நா கூட்டினு போறேன்னாரு. அப்புறம் உங்க மாமாவும் சொன்னாரு." முப்பது வருடமாக அம்பத்தூரில் இருக்கிறாள். மெட்ராஸ் போனது ஆஸ்பத்திரிக்கும் இரண்டு கல்யாணத்துக்கும்.

"திமிங்கலம் நெசமாவே அவ்ளோ பெருசா?"

"நம்ம காம்பவுண்டுக்கு அடங்காது அத்தை."

"அதுக்கு மேல சொல்லு."

சொன்னேன். திருவாலங்காட்டு நடராஜரை அவர் சொன்னார். கடலை நான் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அவள் பாயை உதறிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு எங்க?"

அவரும் நானும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். "தி.நகர்" என்றேன்.

*

பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி மாம்பலம். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆகாய நடைபாதை, அந்த வருடம் மே மாதம் திறந்தது. அதன் மேலிருந்து ரங்கநாதன் தெருவைப் பார்த்தேன். தலைகள் மட்டும். பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது, அதற்கே இந்தக் கூட்டம். பக்கத்து மாவட்டங்களில் இரண்டு வாரம் முன்னால்தான் எல்லாம் மூழ்கியது என்று சொன்னால் நம்ப முடியாது. அல்லது மூழ்கியதால்தான் இவ்வளவு பேர் வாங்க வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பையிலும் போர்வை, பாவாடை, தலையணை உறை.

அவர் புடவைக் கடைக்குள் இழுத்தார். சாந்தினி சவுக் கடன் அவருக்கு. நான் ரெடிமேட் பக்கம் போனேன். காலர் வைத்த, அடக்கமான நீலக் கலர் காட்டன் சுடிதார் ஒன்றைக் காட்டி, "இது" என்றேன்.

"புடவ வேணாமா?"

"இண்டர்வியூவுக்குப் புடவ சரியா வராது."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, கல்யாணத்துக்குக் காத்திருந்ததே வேலை என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள் நான். "ஹனிமூனுக்கு வந்து இண்டர்வியூ டிரெஸ்ஸா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அளவு பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மடித்துக் கொடுத்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பேச்சு தெற்கத்திப் பேச்சு. எந்த ஊர் என்று கேட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றாள். எனக்கு டீக்கடை டிவி ஞாபகம் வந்தது.

"வீட்ல எல்லாரும்...?"

"லைனே போவலக்கா. நாலு நாளாச்சு. அம்மைக்கும் போவல, பக்கத்து வீட்டுக்கும் போவல." சொல்லிக்கொண்டே கை சுடிதாரை மடித்தது. ஓரத்தோடு ஓரம் பிசகாமல். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டமே வந்தது. அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார நேரமில்லை.

"எங்க வீட்லயும் தண்ணி வந்துச்சும்மா. இப்ப வடிஞ்சிருச்சு" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணப் புடவை, புதுத் தாலிக்கயிற்று மஞ்சள், கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். வடிந்த பிறகு மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று நம்பிக்கை வந்ததோ, இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியதோ, தெரியாது. "கேட்டா சொல்லுதேன்க்கா" என்றாள், நான் மறுநாளும் வருவேன் என்பது மாதிரி. அடுத்த ஆள் சைஸ் கேட்க, போய்விட்டாள்.

அந்த நாலு நாளுக்கு அப்புறம் அவள் அம்மா போனை எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுடிதாரைப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வாங்கியவை: அத்தைக்கு இரண்டு நைட்டி, அவருக்கு ஒரு சட்டை, சர்டிபிகேட் வைக்கத் தண்ணீர் புகாத ஜிப் கவர் ஒன்று. பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு ஜோடி கவரிங் ஜிமிக்கி. ஜிமிக்கிக்கு நான் பேரம் பேசவில்லை. அது ஒன்றுதான் ஹனிமூன் சாமான்.

*

வெள்ளிக்கிழமை மயிலாப்பூர். கபாலி கோயிலைச் சுற்றிவிட்டு வந்தபோது, மார்கழி சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஒரு சபாவுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தோம். யாரும் தடுக்கவில்லை. மேடையில் என் வயசுப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். கீழே முப்பது பேர் இருக்கலாம். முன்வரிசையில் அவள் அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், மகளைவிடப் பயந்து.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஏ.சி. தெரிந்தது. அரை மணி நேரத்தில் பல் கிட்டியது. அவர் பையைத் திறந்து மெரூன் ஸ்வெட்டரை எடுத்தார். காலையில் எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். "டெல்லி" என்றார் காதருகில். பக்கத்து மாமி முறைத்தார். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வாயைக் குவித்து ஊதிப் பார்த்தேன். புகை வரவில்லை. அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மிஷின் கழுவின கைகள், நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. அந்தப் பெண் ஏதோ ஓர் இடத்தில் மேலே போய் நின்றாள். அந்தக் கலங்கரை விளக்கத்துக் காற்று போல இருந்தது. கோபம் எப்போது போனது என்று கேட்டால் அங்கேதான்.

கேன்டீனில் ரவா தோசையும் காபியும். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டோம். சென்னையில் இருக்கிறோம் என்று முதல்முதலாகத் தோன்றியது.

*

கணக்கு. புதன் 560. வியாழன் 2,310. வெள்ளி 740. மொத்தம் 3,610. மிச்சம் 2,390 ரூபாயை அத்தையிடம் கொடுத்தேன். மூன்று கோரைப்பாயும் ஒரு ஜமுக்காளமும் அரிசியும் வாங்கினாள். "பாய் நனஞ்சாலும் காயும்" என்றாள்.

அந்தப் பணம் வராதவர்களும் எங்கள் காம்பவுண்டிலேயே இருந்தார்கள். பீகார்ப் பையன்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை, டோக்கனும் வரவில்லை. ஜனவரியில் ஒரு காலை, அவர்களில் சின்னவன் படிக்கட்டில் உட்கார்ந்து கயா பக்கத்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, அம்மா" என்று போனை என் பக்கம் திருப்பினான். சருகு போட்டு எரித்த தீக்கு முன்னால், முக்காடு போட்ட ஒரு அம்மா. அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். வார்த்தையோடு வாயிலிருந்து புகை வந்தது. வெள்ளையாக, கொஞ்சமாக. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்ல மறந்துவிட்டேன்.

"என்ன கேக்கறாங்க?"

"வீட்டுக்குள்ள தண்ணி போச்சான்னு கேக்குது."

எதைப் பார்க்க நான் டிக்கெட் போட்டேனோ அந்தக் குளிரை விட்டுத்தான் இவன் இங்கே வந்திருக்கிறான். போயிடுச்சு என்று தலையாட்டினேன்.

*

ஜனவரியில் அவருடைய யூனிட் திறந்தது. அவரை எடுக்கவில்லை. பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்தது. நீலச் சுடிதார் மூன்று இண்டர்வியூ பார்த்தது. மூன்றாவதில் அம்பத்தூரிலேயே ஒரு அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை. இரண்டு பேருக்கும் நடுவாக இப்போது பூந்தமல்லியில் இருக்கிறோம். வாசலில் நின்றால் மெட்ரோ தூண்கள். வீடு பார்க்கும்போது அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: மாடியா? மாடி. மெத்தை வாங்கிவிட்டோம். டெல்லி இன்னும் போகவில்லை. ஸ்வெட்டர்களைப் பெரியப்பாவிடம் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அம்மாவுக்கான பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. கீழ் வீட்டுப் பாட்டியிடம் அத்தை பேசிக்கொண்டிருந்தாள். நான் படியில் துணி எடுத்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"லிஃப்ட்ல போயி, அதுக்கு மேல படி ஏறணும். காத்து அடிக்குது பாரு, நிக்க முடியாது. ஒரு பக்கம் பூரா கடலு. போட்டுங்கள்லாம் எறும்பு கணக்கா. இந்தப் பக்கம் திரும்புனா ஊரு. அம்பத்தூரு மட்டும் தெரியாது."

அத்தை கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் போனதில்லை. பாட்டி "நெசமாவா?" என்றாள். "அட, அப்படித்தான் இருக்கு" என்றாள் அத்தை. நான் துணியை இறக்கி வைக்காமல், அடுத்து என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.